நாடி ஒடுங்குகிறது என்று அம்மா சொன்னால் மருத்துவரிடம் அதை எப்படிச் சொல்வது?

#1 ஈசூன் வாசி (வியாழன், இரவு 9:40)

சென்ற செவ்வாய்க்கிழமை அம்மாவைப் பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) அழைத்துப் போனேன். வயது 74. தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, கல்யாணமாகி இங்கே சிங்கப்பூருக்கு வந்து ஐம்பது ஆண்டுக்கு மேல் ஆகிறது. ஆங்கிலம் காதில் ஏறும், வாயில் வராது. மருத்துவர் இளைஞர், சீனர், பொறுமைசாலி. என்ன செய்கிறது என்று கேட்டார். அம்மா சொன்னது இது: "நாலு நாளாகக் கைகால் ஓய்ந்து வருகிறது. எழுந்தால் கண்ணை இருட்டுகிறது. நேற்றுச் சாயங்காலம் நாடியே ஒடுங்குவது போல இருந்தது."

இத்தனையையும் நான் ஆங்கிலத்தில் இரண்டே வார்த்தையாகச் சுருக்கிக் கொடுத்தேன். உடம்பு பலவீனம், நாடி பலவீனம்.

உடனே அவர் அம்மாவின் இரண்டு கைகளையும் நீட்டிக் கண்ணை மூடச் சொன்னார். தன் விரல்களை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். பிறகு சிரிக்கச் சொன்னார். அம்மா என் பக்கம் திரும்பி, "இவரைப் பார்த்து நான் எதற்குச் சிரிக்க வேண்டும்?" என்றார். பக்கவாதமோ என்று சோதிக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நல்லவேளையாகக் கைவலு சரியாக இருந்தது. அப்புறம் மணிக்கட்டைப் பிடித்து, சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிடம் முழுக்க எண்ணினார். 48. "நாடி பலவீனமாக இல்லையே, நன்றாகவே தட்டுகிறது. மெதுவாகத் தட்டுகிறது" என்றார். இதய மின்வரைவு (ஈசிஜி) எடுத்தார்கள். இரத்த அழுத்த மாத்திரை ஒன்றின் அளவைக் குறைத்து, அடுத்த வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு ஒரே குடைச்சல். அம்மா மூன்று விஷயம் சொன்னார், நான் மூன்றையும் ஒரே சொல்லில் போட்டு நசுக்கிவிட்டேன். உங்கள் வீட்டில் பெரியவர்கள் இதற்கெல்லாம் என்னென்ன சொல்கிறார்கள்? எந்தச் சொல்லுக்கு என்ன பொருள்? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

#2 சொல்வேட்டை (வியாழன், இரவு 10:15)

மொழிபெயர்ப்புத்தான் எனக்குச் சோறு போடுகிறது, அதனால் முதலில் வந்துவிட்டேன்.

"பலவீனம்" என்பது பலஹீனம், அதாவது பலம் குறைந்த நிலை. ஹகரம் ஒரு வாயில் ககரமாகிப் பலகீனம் ஆயிற்று, இன்னொரு வாயில் வகரமாகிப் பலவீனம் ஆயிற்று. பலகீனம் என்று சொல்லும் பாட்டியைத் திருத்தாதீர்கள், அவர்தான் மூலத்துக்குப் பக்கத்தில் நிற்கிறார்.

இந்தச் சொல்லின் கோளாறு, அது எதையும் குறிக்கும் என்பது. அரசாங்கம் பலவீனம், அணி பலவீனம், பாலம் பலவீனம், பாட்டியும் பலவீனம். உடம்புக்கென்று தமிழில் இருக்கும் சொற்கள் இவ்வளவு மொட்டையானவை அல்ல. அலுப்பும் அசதியும் வேலை செய்ததால் வருவன, படுத்து எழுந்தால் போய்விடும். களைப்பும் ஏறக்குறைய அதுவே, வெயிலும் நடையும் சேர்ந்தது. சோர்வில் மனமும் கலந்திருக்கும். தேர்வில் தோற்றவனும் சோர்வான், காய்ச்சல்காரனும் சோர்வான். தளர்ச்சி என்றால் முன்பு இருந்த கட்டு விட்டுப்போனது. நலிவு நாட்பட்ட நோய் அரிப்பது. துவளுதல், தண்ணீர் ஊற்றாத கீரைத்தண்டு சாய்வது போல. பசித்த பிள்ளையும் துவளும், பேதியானவனும் துவளுவான். தெம்பில்லை, திராணியில்லை என்று இல்லாததைச் சொல்லும் வழியும் உண்டு. அம்மா சொன்ன "ஓய்ந்து வருகிறது" இதில் எதிலும் அடங்காது. ஓடிக்கொண்டிருந்த ஒன்று நிற்கப் போவதைச் சொல்வது அது. மழை ஓய்வது போல.

அம்மாவுக்கு என் வணக்கம். நல்ல தமிழ் பேசுகிறார்.

#3 இரவுப்பணித் தாதி (வெள்ளி, காலை 8:05)

வேலை முடிந்து ரயிலில் உட்கார்ந்து எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சொல்வேட்டை ஐயா சொன்னது அழகு. ஆனால் சிகிச்சை அறையில் எங்களுக்கு வேண்டியது வேறு பிரிவினை. "வீக்" என்று யாராவது சொன்னால் அதற்குப் பின்னால் மூன்றில் எது இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

முதலாவது, தசையில் வலு போனது. தூக்க நினைத்தால் கை எழும்பவில்லை, செருப்பு காலிலிருந்து நழுவுகிறது, காப்பிக் கோப்பை பிடியில் நிற்கவில்லை. இதற்கு மருத்துவர்கள் 0 முதல் 5 வரை மதிப்பெண் போடுவார்கள். 5 முழு வலு. 3 என்றால் கையைத் தானாகத் தூக்க முடியும், ஆனால் நாம் சற்று அழுத்தினால் தாங்காது. 0 என்றால் தசை சிறிதும் அசையவில்லை. ஒரு பக்கக் கையும் காலும் திடீரென்று இப்படி ஆனாலோ, வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ உட்கார்ந்து சொல் ஆராய்ச்சி செய்யக் கூடாது, அவசர மருத்துவ ஊர்தி எண்ணான 995-ஐ அழைக்க வேண்டும். அந்த மருத்துவர் அம்மாவைச் சிரிக்கச் சொன்னது அதனால்தான். அவர் செய்தது சரி.

இரண்டாவது, வலு இருக்கிறது, ஆனால் எதையும் செய்ய ஆவியில்லை. இரத்தசோகை, தைராய்டு குறைவு, தூக்கமின்மை, மனச்சோர்வு எல்லாம் இந்தக் கூட்டம்.

மூன்றாவது, விழப் போவது போன்ற உணர்வு. எழுந்ததும் கண் இருட்டுவது, காது அடைப்பது, வியர்ப்பது.

ஈசூன் அக்கா, உங்கள் அம்மா சொன்னதில் "கண்ணை இருட்டுகிறது" என்பதுதான் தங்கம். அதை விட்டுவிட்டீர்கள்! ஒன்று செய்யுங்கள். மொழிபெயர்க்காதீர்கள். என்ன செய்யும்போது, எந்த இடத்தில், எவ்வளவு நேரம் என்று கேட்டு அதை மட்டும் சொல்லுங்கள். "கட்டிலிலிருந்து எழுந்ததும் கண் இருட்டுகிறது, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றால் சரியாகிவிடுகிறது" என்றால் எந்த மொழி மருத்துவருக்கும் பாதி வேலை முடிந்தது.

இன்னொன்று. குறைத்துக் கொடுத்தது பீட்டா தடுப்பான் (இதயத்துடிப்பை மெதுவாக்கும் மாத்திரை) வகையாக இருந்தால் அம்மா தானாக அதை அடியோடு நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். திடீரென்று நிறுத்தினால் இதயம் எதிர்த்து அடிக்கும்.

#4 நல்லூரான் (வெள்ளி, காலை 10:30)

யாழ்ப்பாணத்தார் இருவர் இந்தப் பக்கம் இருக்கிறோம் என்பதை நினைவூட்டவே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் இதற்கு முதற்சொல் "ஏலாமை". "எனக்கு ஏலாமல் இருக்கிறது" என்றால் உடல்நலமில்லை, எழும்ப முடியவில்லை, வேலை செய்ய முடியவில்லை எல்லாம் அதற்குள் வந்துவிடும். என் மனைவியின் தாயார் இங்குள்ள மருத்துவமனை ஒன்றில் இருந்தபோது தமிழ்நாட்டிலிருந்து வந்த தாதி ஒருத்தி, மிக நல்ல பிள்ளை, "என்ன ஏலாது, பாட்டி? எதை எடுக்க ஏலவில்லை?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பாட்டிக்குக் கோபம் வந்துவிட்டது. "எல்லாம் ஏலாது" என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துவிட்டார்.

அதைவிட ஆபத்தானது "தொய்வு". தமிழ்நாட்டாருக்கு அது கயிறு தளர்வது, வேலை மந்தமாவது. எங்களுக்குத் தொய்வு என்றால் ஆஸ்துமா. "தொய்வுக்காரர்" என்று ஒருவரைச் சொன்னால் அவருக்கு மூச்சிழுப்பு உண்டு என்று பொருள். பாட்டியின் நோய்வரலாற்றில் அதை யாரோ "உடல் தளர்ச்சி" என்று மொழிபெயர்த்து எழுதியிருந்தால் என்னாகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

#5 சொல்வேட்டை (வெள்ளி, காலை 11:02)

நல்லூரான் ஐயா, தொய்வு பற்றிச் சொன்னதற்கு நன்றி. எங்கள் பக்கத்து "இளைப்பு"ம் இதே வகைதான். "இளைத்துவிட்டாய்" என்றால் மெலிந்துவிட்டாய். "இளைப்பாறு" என்றால் களைப்பைப் போக்கிக்கொள். "இளைக்கிறது" என்றால் மூச்சு வாங்குகிறது. ஒரே வேரில் எடை, களைப்பு, மூச்சு என்று மூன்றும். நோயாளி "இளைப்பாக இருக்கிறது" என்றால் கையை மார்புக்குக் கொண்டுபோகிறாரா, தொளதொளத்த சட்டையைக் காட்டுகிறாரா என்று பார்த்துத்தான் எழுத வேண்டும்.

#6 நெல்லைக்காரன் (வெள்ளி, பகல் 1:20)

இழையின் தலைப்பைப் பார்த்ததும், ஒருவருடைய அம்மாவுக்கு முகவாய் ஒடுங்கிப் போயிற்று என்று நினைத்துப் பரிதாபப்பட்டுக்கொண்டே உள்ளே வந்தேன். எங்கள் ஊரில் நாடி என்றால் முகவாய். "நாடியைப் பிடித்துக் கெஞ்சினான்" என்போம்.

சிங்கப்பூர் வந்த புதிதில் துவாஸில் ஒரு கட்டுமானத் தளத்தில் இருந்தேன். நல்ல உச்சிவெயில். கூட வேலை செய்தவன் ஒருவன் சாய்ந்துவிட்டான். கும்பகோணத்து மேற்பார்வையாளர் ஓடி வந்து, "நாடியைப் பிடித்துப் பார்!" என்று என்னைப் பார்த்துக் கத்தினார். நானும் பதற்றத்தில் அவன் முகவாயைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தேன். "என்ன பார்க்கிறாய்?" என்றார். "தாடி சரியாக மழிக்கவில்லை, அண்ணே" என்றேன். கிண்டலுக்குச் சொல்லவில்லை, வாயில் வந்தது அதுதான். கீழே கிடந்தவனே கண்ணைத் திறந்து சிரித்துவிட்டான். தண்ணீர் குடிக்காமல் வேலை செய்திருக்கிறான், வேறொன்றும் இல்லை.

#7 ஓலைச்சுவடி (வெள்ளி, மாலை 6:45)

எல்லாரும் சுற்றி வளைக்கிறீர்கள். நாடியைப் பற்றி நம் சித்த மருத்துவம் சொல்லாததா? நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம், தொடுவுணர்வு, நாடி என்று எட்டு வகைத் தேர்வு. அதில் நாடிக்கே முதலிடம் தருவோர் உண்டு. ஆணுக்கு வலக்கை, பெண்ணுக்கு இடக்கை. மணிக்கட்டில் பெருவிரல் பக்கம் மூன்று விரல்களை வைத்தால் ஆள்காட்டி விரலில் வாதம், நடுவிரலில் பித்தம், மோதிர விரலில் ஐயம் (கபம்). ஒன்று, அரை, கால் என்ற அளவில் நடக்க வேண்டும். வாதம் அன்னம், கோழி, மயில் போல நடக்கும். பித்தம் ஆமை, அட்டை போல. ஐயம் தவளை, பாம்பு போல. 48, 72 என்று எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர்களுக்கு இந்த நடையெல்லாம் தெரியுமா? வள்ளுவரே "நோய்நாடி நோய்முதல் நாடி" என்று நாடியைத்தான் முதலில் வைத்தார்.

#8 கணக்குப்பிள்ளை (வெள்ளி, இரவு 7:10)

வந்துவிட்டார்கள். மயிலும் தவளையும் மணிக்கட்டில் நடக்கின்றன, சரி. மாத்திரை அளவு கூடிப்போனதை எந்தப் பறவை சொல்லும்? அம்மாவின் சிக்கலைக் கண்டுபிடித்தது 48 என்ற எண்ணிக்கைதான்.

ஒரு வரலாற்றுச் செய்தியும் சொல்லிவிடுகிறேன். நாடி பார்ப்பது ஆதிகாலம் தொட்டு வந்தது என்பார்கள். பழைய ஆயுர்வேத நூல்களான சரக சம்ஹிதையிலும் சுசுருத சம்ஹிதையிலும் நாடிப் பரிசோதனை ஒரு முறையாக இல்லை. பிற்காலத்துச் சார்ங்கதர சம்ஹிதையில்தான் அது வருகிறது. பழமை என்று சொல்வதற்கு முன் எவ்வளவு பழமை என்று பார்க்க வேண்டும்.

என் யோசனை சுலபம். வீட்டில் இரத்த அழுத்தக் கருவி இருக்கிறது. 2021-இல் தெமாசெக் அறநிறுவனம் வீட்டுக்கு வீடு கொடுத்த, விரலில் மாட்டி ஆக்சிஜனும் நாடியும் பார்க்கும் ஆக்சிமீட்டர் எங்காவது அலமாரியில் தூங்கிக்கொண்டிருக்கும். எண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள். சொல்லே வேண்டாம்.

#9 சொல்வேட்டை (வெள்ளி, இரவு 7:32)

ஓலைச்சுவடி ஐயா, உங்கள் மீது எனக்கு மரியாதை உண்டு, ஆனால் அந்தக் குறளில் (948) வரும் "நாடி" மணிக்கட்டு நாடி இல்லை. நாடுதல் என்ற வினையின் எச்சம். நோயை ஆராய்ந்து, அதன் காரணத்தை ஆராய்ந்து, தீர்க்கும் வழியை ஆராய்ந்து என்று மூன்று முறை வருகிறது. மூன்றையும் மணிக்கட்டு என்று படித்தால் மருத்துவருக்கு மூன்று கை வேண்டும். அதே அதிகாரத்தில் "வளி முதலா எண்ணிய மூன்று" (941) என்று வாதபித்தஐயம் வருகிறதே, உங்களுக்கு வேண்டியது அது. எடுத்துக்கொள்ளுங்கள்.

#10 இரவுப்பணித் தாதி (வெள்ளி, இரவு 8:20)

கணக்குப்பிள்ளை அண்ணனுக்கு ஒரு சின்னத் திருத்தம். கருவியில் வரும் எண் வேகத்தை மட்டும்தான் சொல்லும். வலுவைச் சொல்லாது. பெரியவர்களுக்கு ஓய்வில் நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை வழக்கம். நன்றாக ஓடிப் பழகியவருக்கு 50-க்குக் கீழேயும் இருக்கும், அவர் குதித்துக்கொண்டிருப்பார். இன்னொருவருக்கு 120 இருக்கும், ஆனால் விரலுக்குக் கீழே ஏதோ நூல் நெளிவது போலத்தான் தெரியும். சற்று அழுத்தினால் அதுவும் காணாமல் போகும். நாங்கள் பயப்படும் நாடி அதுதான். வேகம் அதிகம், வலு இல்லை. இரத்தம் நிறைய போனாலும், வாந்திபேதியில் நீர் வற்றினாலும், இதயம் தள்ள முடியாமல் திணறினாலும் அப்படி ஆகும். கைகால் சில்லிட்டு, தோல் பிசுபிசுத்து, ஆள் வெளுத்திருப்பார். அந்த நேரத்தில் ஆக்சிமீட்டரை மாட்டினால் எண் வராமல் கோடு கோடாக நிற்கும், அல்லது தப்பாகக் காட்டும். விரல் நுனிக்கு இரத்தம் வந்தால்தானே அது படிக்கும்.

ஆக, "நாடி மெதுவாக", "நாடி மெலிவாக" இரண்டும் வேறு. ஒடுங்குகிறது என்ற சொல் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது, அதனால்தான் விரலை வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் நான் ஓலைச்சுவடி ஐயா கட்சி. மயில் நடக்கிறதா தெரியாது, ஆனால் நடை என்று ஒன்று இருக்கிறது. ஒழுங்காக வருகிறதா, விட்டு விட்டு வருகிறதா, நிறைந்து வருகிறதா என்பதை விரல்தான் சொல்லும்.

மயங்கி மூச்சின்றிக் கிடப்பவரிடம் மட்டும் நாடி தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். பொதுமக்களுக்கான உயிர்காப்புப் பயிற்சியில் அப்படிச் சொல்லித் தருவதில்லை. பதிலில்லை, இயல்பான மூச்சில்லை என்றால் 995-ஐ அழைத்து நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும். நெல்லைக்கார அண்ணனுக்கு இது வசதி.

#11 சொல்வேட்டை (வெள்ளி, இரவு 9:05)

தாதி சொன்ன நிலைக்கு ஆங்கில மருத்துவத்தில் "ஷாக்" என்று பெயர். அதை அகராதி பார்த்து "அதிர்ச்சி" என்று போட்டுவிடுகிறோம். என் அனுபவம் ஒன்று. வாந்திபேதியோடு சேர்க்கப்பட்ட ஒருவரின் குடும்பத்துக்குத் தொலைபேசியில் செய்தி சொல்லப்பட்டது: "அவர் அதிர்ச்சி நிலையில் இருக்கிறார்." அவர் தங்கை என்னிடம் கேட்டார், "அண்ணனிடம் எதைப் போய்ச் சொன்னீர்கள்? அப்பா இறந்ததை யார் சொன்னது?" அப்பா ஊரில் இறந்ததை மறைத்து வைத்திருந்தார்களாம். "இரத்த ஓட்டம் ஒடுங்கியிருக்கிறது" என்று சொல்லியிருந்தால் தீர்ந்தது. ஒடுங்குதல் என்ற அந்த அம்மாவின் சொல்லே இங்கே எவ்வளவு பொருத்தமாக விழுகிறது பாருங்கள்.

"மயக்கம்" இன்னொரு குழி. தலை சுற்றினாலும் மயக்கம், நினைவு தப்பினாலும் மயக்கம், இட்லி சாப்பிட்டபின் கண் சொக்கினாலும் உண்ட மயக்கம். மருத்துவருக்கு நினைவு தப்பியதா இல்லையா என்பது பெரிய கேள்வி. "கீழே விழுந்தது ஞாபகம் இருக்கிறதா?" என்று கேட்டால்தான் பிரியும்.

#12 கம்போங் கிளாம் பேத்தி (சனி, காலை 9:50)

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். ஒரு சின்னக் கதை.

எங்கள் நன்னிமா கடையநல்லூர்க்காரர். மருத்துவமனையில் ஓர் இரவு நான் கீழே சாப்பிடப் போயிருந்தேன். திரும்பி வந்தால் மலாய்த் தாதியும் நன்னிமாவும் கையைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருக்கிறார்கள். நன்னிமா நெஞ்சைத் தொட்டு "நாடி, நாடி" என்கிறார். அந்தப் பெண் "நாடி? லெமா?" என்று கேட்டுக்கொண்டே மணிக்கட்டைப் பிடிக்கிறாள். மலாயிலும் நாடிக்கு நாடிதான் பெயர். தமிழுக்கும் மலாய்க்கும் அது ஒரே சமஸ்கிருத வழியில் வந்தது. லெமா என்றால் வலுவில்லை. நன்னிமா பழைய கடைத்தெரு மலாய் பேசுவார், அதனால் "லெமா இல்லை, பெனாட்" என்று பதில் சொன்னார். பெனாட் என்றால் அலுப்பு. பாருங்கள், நாங்கள் இங்கே மூன்று நாளாகப் பிரித்துக்கொண்டிருப்பதை அவர்கள் இருவரும் இரண்டு சொல்லில் முடித்துவிட்டார்கள். படித்த பேத்தி பக்கத்தில் இருந்திருந்தால் எல்லாவற்றையும் "வீக்" என்று சொல்லிக் கெடுத்திருப்பாள்.

#13 கணக்குப்பிள்ளை (சனி, பகல் 12:15)

தாதியின் திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன். வேகம் வேறு, வலு வேறு. சரி.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். என் மாமியார் சீனர், சைனாடவுனில் ஒரு சீன மருத்துவரிடம் போவார். ஒருமுறை வண்டியோட்டிப் போனவன் வேறு வழியில்லாமல் உள்ளே உட்கார்ந்தேன். இரண்டு மணிக்கட்டிலும் மூன்று மூன்று விரல் வைத்தார், லேசாக ஒருமுறை, அழுத்தி ஒருமுறை. அவர்களிடம் பலவீனமான நாடிக்கு ஒரு பெயர் இல்லை, பல பெயர். அழுத்தினால் உள்ளே வெறுமையாகத் தெரிவது ஷூ. நூல் போல மெல்லியதாக, ஆனால் தெளிவாகத் தெரிவது ஷி. ஆழத்தில் மட்டும் மென்மையாகத் தெரிவது ருவோ. இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்பட வைப்பது வெய். 1564-இல் லி ஷிச்சென் எழுதிய நாடி நூலில் 27 வகை இருக்கிறது, பிற்காலத்தில் ஒன்றைச் சேர்த்து 28 ஆக்கினார்கள். அதை வைத்து நோயைச் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் விரலில் பட்டதைச் சொல்ல இத்தனை சொல் வைத்திருக்கிறார்களே என்று பொறாமையாக இருந்தது.

ஓலைச்சுவடி ஐயா மகிழ வேண்டாம். சீன மருத்துவருக்கு இங்கே 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ப் பதிவு உண்டு. நம் வைத்தியருக்கு அப்படியொரு பதிவேடு இல்லை. யாரிடம் கையை நீட்டுகிறோம் என்று பார்த்து நீட்டுங்கள்.

#14 ஓலைச்சுவடி (சனி, பகல் 12:40)

மகிழ்ந்துவிட்டேன், தாமதம்.

பழைய தமிழில் நாடிக்குத் "தாது" என்றும் பெயர். தாது பார்த்தல் என்றால் நாடி பார்த்தல்தான், தாது விழுதல் என்றால் நாடி விழுதல். இன்று அந்தச் சொல்லைச் சுவரொட்டிக்காரர்கள் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள், நாங்கள் வாயைத் திறக்க முடியவில்லை.

#15 விடுதித் தம்பி (சனி, இரவு 11:30)

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். சுவரொட்டி என்றதும் எழுதத் தோன்றியது.

எங்கள் தங்கும் விடுதியில் ஓர் அண்ணன் இருக்கிறார், சுவர் துளைக்கும் வேலை. இரவில் இரண்டு கையும் மரத்துப்போய், காலையில் திருகாணியைப் பிடிக்க முடியவில்லை. அவர் இதற்கு "நரம்புத் தளர்ச்சி" என்று பெயர் வைத்துக்கொண்டார். ஊரில் பஸ் நிலையச் சுவர்களில் நரம்புத் தளர்ச்சி என்று எழுதியிருப்பது எதைப் பற்றியென்று எல்லாருக்கும் தெரியும். அறையில் பத்துப் பேரும் சிரித்தார்கள். அவர் அதோடு வாயை மூடிக்கொண்டார். நாலு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. சுவரொட்டியில் இருந்த லேகியத்தையே ஊரிலிருந்து வரவழைத்துச் சாப்பிட்டிருக்கிறார், அதற்குத்தான் அது என்று நம்பி.

கடைசியில் கையிலிருந்து ஒரு துளைப்பான் நழுவி விழுந்தபிறகுதான் மருத்துவரிடம் போனார். மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்பட்டிருக்கிறதாம். அதிர்வுள்ள கருவிகளைத் தொடர்ந்து பிடிப்பவர்களுக்கு வருவதாம். இப்போது பட்டை கட்டியிருக்கிறார், வேலையும் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள்.

பெயர் சரியாக இருந்திருந்தால் நாலு மாதம் மிச்சமாகியிருக்கும்.

#16 இரவுப்பணித் தாதி (ஞாயிறு, காலை 7:55)

தம்பி, நீ எழுதியது நல்லது. ஆண்கள் தளர்ச்சி, பலவீனம் என்ற சொற்களையே எங்களிடம் சொல்வதில்லை, ஏன் என்று இப்போது புரிகிறது. "கை மரத்துப்போகிறது, பிடி நிற்கவில்லை" என்று சொல்லட்டும். அதில் யாரும் சிரிக்க ஒன்றுமில்லை.

தாது என்ற சொல் வேறொரு இடத்திலும் தங்கியிருக்கிறது. தாது (இங்கே விந்து) போவதால்தான் உடம்பு பலவீனமாகிறது என்று பயந்து வாடும் இளைஞர்களின் நிலைக்கு மனநல மருத்துவத்தில் "தாத்" நோய்க்குறித்தொகுதி என்றே பெயர். 1960-இல் இந்திய மருத்துவர் விக் வைத்த பெயர் அது.

சர்க்கரை நோயாளிகள் வீட்டில் இருந்தால் ஒன்று. "படபடவென்று வருகிறது, கை நடுங்குகிறது, வியர்க்கிறது, பசி தாங்கவில்லை" என்றால் அதைப் பலவீனம் என்று சொல்லிப் படுக்க வைக்காதீர்கள். விரல் நுனியில் சோதித்துப் பாருங்கள். இரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 4.0 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். நினைவு தடுமாறி விழுங்க முடியாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 995-ஐ அழையுங்கள். பீட்டா தடுப்பான் சாப்பிடுபவர்களுக்குப் படபடப்பும் நடுக்கமும் தெரியாமல் போகலாம். வியர்வை மட்டும் காட்டிக்கொடுக்கும்.

#17 நல்லூரான் (ஞாயிறு, காலை 10:10)

வயதானவர்களுக்கு வருவதற்குத் "தள்ளாமை" என்ற சொல்லை ஒருவரும் எடுக்கவில்லையே. தள்ளாத வயது என்கிறோம். நோய் இல்லை, ஆனால் ஒரு சளி வந்தாலும் படுக்கையில் தள்ளிவிடும் நிலை. இங்கே மருத்துவமனைகளில் முதியோரைக் கதிரையில் இருந்து எழும்பச் சொல்லி, கைப்பிடி வலுவை அளந்து பார்க்கிறார்கள். எனக்கும் பார்த்தார்கள். ஆசிய வரையறையில் ஆணுக்கு 28 கிலோ, பெண்ணுக்கு 18 கிலோவுக்குக் குறைந்தால் தசை வலுக்குறைவு என்று கணக்காம். எனக்கு 27. ஒரு கிலோவுக்காக உடற்பயிற்சி வகுப்புக்கு அனுப்பிவிட்டார்கள். ரப்பர்ப் பட்டையை இழுத்துக்கொண்டிருக்கிறேன்.

#18 ஈசூன் வாசி (வெள்ளி, மாலை 5:25)

எல்லாருக்கும் நன்றி. இன்று போய்வந்தோம்.

இந்த முறை தாதி தங்கை சொன்னபடி செய்தேன். முந்திய இரவே அம்மாவை உட்காரவைத்து ஒவ்வொரு சொல்லாகக் கேட்டு ஒரு தாளில் எழுதினேன். ஓய்ந்து வருகிறது என்றால் என்ன, அம்மா? "மாடிப்படி பாதி ஏறும்போது முழங்காலுக்குக் கீழே ஆள் இல்லாத மாதிரி." எப்போது? "காலை மாத்திரைக்குப் பிறகு, பத்து மணி வாக்கில்." இப்போது? "இரண்டு நாளாக இல்லை." கண் இருட்டுவது? "கீரை ஆயக் கீழே உட்கார்ந்து எழுந்தால் மட்டும்." இவ்வளவையும் அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன், எதையும் சுருக்கவில்லை. மருத்துவர் எழுதிக்கொண்டே வந்தார், பத்து மணி என்றதும் தலையாட்டினார். நாடி 62. கூட்டியிருந்த மாத்திரைதான் காரணம் என்றும், குறைத்த அளவே தொடரட்டும் என்றும், கீழே உட்கார வேண்டாம், முக்காலி வைத்துக்கொள்ளட்டும் என்றும் சொன்னார்.

கணக்குப்பிள்ளை சார், ஆக்சிமீட்டரையும் தேடி எடுத்தேன். மின்கலம் கசிந்து கிடக்கிறது.

அந்தத் தாளைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறேன். அதில் ஓர் இடத்தில் "நாடி விழுகிறது" என்று எழுதிவிட்டேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்து, என்னிடமிருந்து பேனாவை வாங்கி அதை அடித்தார். "ஒடுங்கியது என்றுதான் சொன்னேன். விழுந்திருந்தால் உன்னிடம் சொல்வதற்கு நான் ஏது?"

#19 நெல்லைக்காரன் (வெள்ளி, மாலை 5:41)

அக்கா, அந்தத் தாளில் நாடிக்குப் பக்கத்தில் "மணிக்கட்டு" என்றும் எழுதிவையுங்கள். எங்கள் ஊர்க்காரர்கள் யாராவது விருந்துக்கு வரக்கூடும்.